ஸ்டியரிங்கை அவர்களிடம் கொடுங்கள்



நம் நாமக்கல்லில் எந்த லாரி உரிமையாளரிடம் பேசினாலும் முதலில் டீசல் விலை வருகிறது, அடுத்து டிரைவர் கிடைக்கவில்லை என்ற பேச்சு வருகிறது. வண்டி இருக்கிறது, லோடு இருக்கிறது, ஓட்ட ஆளில்லாமல் ஷெட்டில் நிற்கிறது. அதே ஊரில் வங்கி வாசலிலும் ஏ.டி.எம். கதவருகிலும் நாற்பது வயதை ஒட்டிய ஒருவர் காவலாளிச் சட்டை போட்டு நிற்கிறார். நின்று விசாரித்துப் பாருங்கள். அப்படி நிற்பவர்களில் ராணுவத்தில் பதினைந்து வருடம் லாரி ஓட்டியவரும் இருப்பார். காவல் வேலை மட்டமான வேலை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். கையில் இத்தனை பெரிய தொழிலை வைத்துக்கொண்டு ஒருவர் சும்மா நிற்க நேர்கிறதே, அதுதான் என் நெஞ்சை அறுக்கிறது.

அவர்கள் ஓட்டிய சாலைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஏ.எஸ்.சி. என்று ஒரு படைப்பிரிவு இருக்கிறது. பெங்களூரில் அதன் பயிற்சி மையம். எல்லையில் நிற்கிற சிப்பாய்க்கு அரிசியும் பருப்பும் மண்ணெண்ணெயும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. லடாக்கில் பனி இறங்கிவிட்டால் ஜோஜிலா கணவாய் அடைத்துக்கொள்ளும். ஆகவே குளிர்காலம் முழுவதற்கும் வேண்டிய சரக்கைக் கோடை மாதங்களிலேயே மலைக்கு மேலே ஏற்றிவிட வேண்டும். கார்துங்லா கணவாய் 17,500 அடிக்கும் மேலே. சியாச்சின் பக்கம் போகிற சரக்கு அந்த வழியாகப் போகிறது. அங்கே மனிதனுக்கும் மூச்சு வாங்கும், என்ஜினுக்கும் மூச்சு வாங்கும். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பாதாளம். சக்கரத்தில் சங்கிலி கட்டி, முன்னால் போகிற வண்டிக்கு இடைவெளி விட்டு, கான்வாயாக ஊர்ந்து போவார்கள். முன்பு ஜபல்பூரில் தயாரான சக்திமான் வண்டி. பிறகு வந்தது ஸ்டாலியன். அதைக் கொடுத்தது அசோக் லேலண்ட், நம் பட்டறைகளில் தினமும் நீங்கள் யாருடைய வண்டிக்குப் பாடி கட்டுகிறீர்களோ, அதே கம்பெனி!

காலையில் டயர், ஆயில், தண்ணீர், பிரேக் எல்லாம் பார்க்காமல் ராணுவ டிரைவர் வண்டியை நகர்த்தமாட்டார். வெடிமருந்தும் பெட்ரோலும் ஏற்றிப் பழகியவர். நாமக்கல்லோ கேஸ் டேங்கர் ஊர். எரிவாயு ஏற்றும் வண்டியை ஓட்டத் தனிப் பயிற்சியும் லைசென்சில் தனிப் பதிவும் வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தப் பயிற்சிக்கு அனுப்ப இவர்களைவிடப் பொருத்தமான ஆள் எங்கே கிடைப்பார்?

ஒரு சட்ட விஷயத்தை இங்கே உரக்கச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலருக்கு இது தெரிவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 18. ராணுவ வண்டி ஓட்டத் தருகிற லைசென்ஸ் அந்தப் பிரிவின்கீழ் வருகிறது. அதை வைத்துக்கொண்டு வெளியே தனியார் லாரி ஓட்ட முடியாது. ஆனால் அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு, அந்த லைசென்ஸ் வைத்திருந்தவர் அதே வகை வண்டிக்கு விண்ணப்பித்தால் ஓட்டிக்காட்டும் தேர்வு வேண்டியதில்லை என்று சொல்கிறது. ஓய்வு பெறுகிறவர்களே, அந்த லைசென்ஸ் வைத்திருந்ததற்கான சான்றைப் பத்திரமாகக் கையோடு வாங்கி வாருங்கள்!

சரி, கூப்பிட்டால் வருவார்களா? இங்கேதான், உரிமையாளர் பெருமக்களே, நான் உங்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டும். முன்பு வடக்கே போகிற வண்டியில் இரண்டு டிரைவர், ஒரு கிளீனர் ஏறுவார்கள். இன்று பல வண்டிகளில் ஒற்றை ஆள். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 2025 வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நெடுஞ்சாலையில் அதை யார் மதித்தோம்? தூக்கமில்லை, குளிக்க இடமில்லை, லோடு இறக்குகிற இடத்தில் இரண்டு நாள் காத்துக்கிடந்தால் அதற்குக் கூலியில்லை, போகிற இடமெல்லாம் "ஏய் டிரைவர்" என்கிற கூப்பாடு. நாடு மரியாதை கொடுத்து வைத்திருந்த ஒரு மனிதர் இதற்குள் எதற்கு வரவேண்டும்? 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயமாகியிருக்கிறது. நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் கேபின் குளிர்ந்தால் மட்டும் போதாதே.

"மிலிட்டரிக்காரர் வந்தால் சட்டம் பேசுவார், ஓவர்லோடு ஏற்றமாட்டார்" என்று சிலர் தயங்குகிறீர்கள். ஏற்றமாட்டார்தான்! அதனால்தான் அவரை வையுங்கள் என்கிறேன். ஓவர்லோடில் பிரேக் பிடிக்காமல் போய் ஒரு குடும்பம் அழிந்தால், அந்த ஒரு நடைக்குக் கூடுதலாக வந்த வாடகையை வைத்து நாம் என்ன செய்வோம்?

படைவீரர்களுக்கும் ஒரு வார்த்தை. கான்வாய் போனால் சாலை வழிவிடும், இங்கே விடாது. தார்ப்பாய் இழுத்துக் கட்டுவதும், புக்கிங் ஆபீசில் வாடகை பேசுவதும், பில் சரிபார்ப்பதும் புதுப் பாடம். பழைய டிரைவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவற்றைக் கற்றுக்கொள்ளத் தயங்காதீர்கள். ஹவில்தாராக இருந்தவர் முப்பது வருடம் லாரி ஓட்டியவரிடம் பாடம் கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 2022இல் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகள் நான்கு வருடத்தில் வெளியே வருகிறார்கள். 100 பேரில் அதிகபட்சம் 25 பேருக்குத்தான் படையில் தொடர்ந்து இடம். மற்றவர்கள் இருபதுகளின் நடுவில், ஓய்வூதியம் இல்லாமல் வீடு திரும்புவார்கள். அவர்களுக்கு இந்தத் தொழிலை நாம் எப்படிக் காட்டப்போகிறோம்?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு உரிமையாளர்களே, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு இந்த வாரமே போங்கள். ஓய்வு பெற்ற ராணுவ டிரைவர்களின் பட்டியலைக் கேளுங்கள். மாதச் சம்பளம், வைப்பு நிதி, தொலைதூர வண்டிக்கு இரண்டாவது டிரைவர், இந்த மூன்றையும் எழுத்தில் கொடுத்துக் கூப்பிடுங்கள். அவர்களுக்கு எதைக் கொடுக்கிறீர்களோ, அதையே இன்று உங்களிடம் ஓட்டிக்கொண்டிருக்கிற டிரைவருக்கும் கொடுங்கள் என்று இரு கரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.