இருவருக்கும் சேர்த்து ஒரு பாலிசியா, ஆளுக்கொன்றா?



பிழைப்பின் நிமித்தமாகத் தமிழ்நாட்டை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறியவர்கள் நாம். சொந்த ஊரில் குடும்பத் தலைவன் ஒருவன் திடீரென்று காலமானால், அவன் மனைவி மக்களைத் தாங்குவதற்குப் பெரியப்பா வீடு ஒன்றோ தாய்மாமன் வீடு ஒன்றோ கூப்பிடு தூரத்தில் இருக்கும். பெங்களூர் அல்சூரிலோ, புனேயிலோ, தில்லியிலோ வாடகை வீட்டில் குடித்தனம் நடத்தும் தம்பதிக்கு அந்தத் தாங்கல் இல்லை. கணவனுக்கு மனைவியும் மனைவிக்குக் கணவனுமே சுற்றம். ஊரில் விட்டுவந்த அந்தத் தாங்கலுக்கு ஓரளவு ஈடு செய்யவல்லது ஆயுள் இன்ஷூரன்ஸ். அதைக் கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே பாலிசியாக எடுப்பதா, ஆளுக்கொன்றாக எடுப்பதா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இக்கேள்வி எம் இல்லத்திலேயே எழுந்தது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு வேலை நம்முடையது. அரசு ஊழியர் என்ற முறையில் அஞ்சல் ஆயுள் இன்ஷூரன்ஸில் சேரும் உரிமை நமக்கு உண்டு. அது 1884ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளன்று அஞ்சல் ஊழியர் நலனுக்காகத் தொடங்கப்பட்டது. பெண்களின் உயிருக்கு வேறு எவரும் காப்பு அளிக்க முன்வராத காலத்தில், 1894இல், தன் இலாகாவில் வேலை பார்த்த பெண்களையும் அது சேர்த்துக்கொண்டது. இங்கே கர்நாடகத்திலும் இத்துறைக்குப் பழைய வேர் உண்டு. மைசூர் சமஸ்தானம் தன் ஊழியர்களுக்கென்று 1891இலேயே ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏற்பாடு செய்தது. அதன் வழிவந்த அரசு இன்ஷூரன்ஸ் இலாகா இன்றும் இயங்கி வருகிறது.

அஞ்சல் இன்ஷூரன்ஸில் ‘யுகல் சுரக்ஷா’ என்று ஒரு திட்டம். தம்பதியில் ஒருவருக்குச் சேரும் தகுதி இருந்தால் போதும். ஒரே பிரீமியத்தில் இருவர் உயிருக்கும் காப்பு. ஒருவர் இறந்தால் காப்புத் தொகையும் போனஸும் மற்றவருக்குக் கிடைக்கும். இருவரும் முதிர்வு வரை வாழ்ந்திருந்தால் தொகை இருவர் கைக்கும் வரும். சேருவோர் வயது 21க்கும் 45க்கும் இடையில் இருக்க வேண்டும். நமக்கோ வயது நாற்பத்து நான்கு. நாள் தள்ளினால் வாய்ப்பு நழுவிவிடும் என்ற அவசரத்தில், விண்ணப்பத்தாளை வாங்கிக்கொண்டு வீடு சேர்ந்தோம்.

துணைவியார் அதை நிதானமாகப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: “உங்களுக்குப் பின் எனக்குப் பணம் வரும், எனக்குப் பின் உங்களுக்கு வரும். அதை வாங்கிக்கொண்ட பிறகு, மிஞ்சி இருப்பவர் உயிருக்குக் காப்பு எங்கே?”

இந்தக் கேள்விக்கு நம்மிடம் உடனே விடை இல்லை. சொற்களை எடைபோடுவதே தொழிலாகக் கொண்ட நாம், ‘கூட்டு’ என்ற சொல்லை எடை போடாமல் விட்டிருந்தோம். ஆராய்ந்து பார்த்தால், அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு ஒப்பந்தங்கள் அடங்கியிருக்கின்றன.

முதல் வகையில், இருவரில் யார் முதலில் இறந்தாலும் தொகை ஒரு முறை வழங்கப்படும். அத்துடன் ஒப்பந்தம் முடிந்துவிடும். இரண்டாம் வகையில், முதல் மரணத்தின்போது ஒரு தொகையும், எஞ்சியவர் இறக்கும்போதோ பாலிசி முதிரும்போதோ மற்றொரு தொகையும் கிடைக்கும்; இடையில் பிரீமியமும் கட்ட வேண்டியதில்லை. ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் முன்னாளில் விற்ற ‘ஜீவன் சாத்தி’ இவ்வகையைச் சேர்ந்தது. அது இப்போது புதிதாக விற்கப்படுவதில்லை. மூன்றாம் வகையில், இருவரும் மறைந்த பின்னரே பணம் வாரிசுகளுக்குச் சேரும். மேல்நாடுகளில், சொத்து வரி கட்டப் பிள்ளைகளுக்குப் பணம் வேண்டும் என்று எண்ணும் செல்வர்கள் இதை நாடுகிறார்கள். ஆகவே ‘கூட்டுப் பாலிசி’ என்று ஏஜெண்ட் சொன்னவுடன் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘பணம் எத்தனை முறை வரும், எந்த மரணத்தின்போது வரும்?’ என்பதே.

முதல் வகைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தம்பதி 50 லட்சம் ரூபாய்க்குக் கூட்டுப் பாலிசி எடுக்கிறார்கள். அடுத்த வீட்டுத் தம்பதியோ, கணவர் பெயரில் 50 லட்சமும் மனைவி பெயரில் 25 லட்சமுமாகத் தனித்தனியே எடுக்கிறார்கள். கணவர் காலமானால் இரு குடும்பங்களுக்கும் 50 லட்சம் வரும். ஆனால் முதல் வீட்டு அம்மையாரின் உயிருக்கு அன்று முதல் காப்பு இல்லை. இரண்டாம் வீட்டு அம்மையாரின் பாலிசியோ உயிரோடு இருக்கிறது. விபத்து ஒன்றில் இருவரும் மறைந்தால், முதல் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தொகை. இரண்டாம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இரு தொகைகள். கூட்டுப் பாலிசியின் பிரீமியம், இரண்டு தனிப் பாலிசிகளின் மொத்தப் பிரீமியத்தைவிடப் பெரும்பாலும் குறைவாக இருப்பதன் காரணமும் இதுவே.

எங்கள் தெருவில் வசிக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் இதை நேரிலும் கண்டோம். கணவர் இறந்ததும் கூட்டுப் பாலிசிப் பணம் தாமதமின்றி வந்தது, கடன்கள் அடைபட்டன. பள்ளியில் படிக்கும் மகனுக்குத் தாம் ஒருவரே துணை என்ற நிலையில், அம்மையார் தம் பெயரில் பாலிசி எடுக்கப் போனார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சர்க்கரை நோயும் வந்துவிட்டது. கேட்ட பிரீமியம் அவர் சக்திக்கு அப்பாற்பட்டது. முப்பத்தைந்து வயதில் எளிதாகக் கிடைத்திருக்கக் கூடியது, தேவை மிகுந்த நாளில் எட்டாப் பொருளாயிற்று.

‘வீட்டிலிருக்கும் மனைவிக்குத் தனிப் பாலிசி எதற்கு?’ என்று கேட்போர் உண்டு. அவர் செய்யும் வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சமையல், பிள்ளை வளர்ப்பு, நோயுற்ற மாமியாருக்குப் பணிவிடை ஆகிய இவற்றுக்கு இந்நகரில் ஆள் அமர்த்தினால் மாதம் எவ்வளவு ஆகும்? அந்தத் தொகையே அவர் உயிருக்கான காப்பின் அளவுகோல். வருமானம் இல்லாதவருக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் கணவரின் வருமானத்தையும் அவர் பெற்றுள்ள காப்பையும் பார்த்தே தொகையை வரையறுப்பது வழக்கம்; ஆயினும் கிடைக்கும் அளவுக்கு எடுப்பது நலம்.

தனிப் பாலிசிக்கு வேறொரு பலமும் உண்டு. 1874ஆம் ஆண்டின் மணமான பெண்களின் சொத்துச் சட்டத்தின் ஆறாவது பிரிவுப்படி, கணவன் தன் உயிர்மீது எடுக்கும் பாலிசியில் அது மனைவி மக்களின் நலனுக்கானது என்று எழுதச் செய்தால், அது அவர்களுக்குரிய டிரஸ்டாகிவிடும். கடன்காரர்களை ஏமாற்றும் கருத்துடன் எடுத்ததாக இல்லாதவரை, அவனுடைய கடனுக்காக அதில் எவரும் கை வைக்க முடியாது. இந்துக்கள், முஸ்லிம்கள் முதலியோருக்கு இந்தப் பாதுகாப்பு சென்னையில் 1913 டிசம்பர் 31க்குப் பின் எடுத்த பாலிசிகளுக்கே உண்டு. சட்டம் நடப்பிலிருந்த பிற பகுதிகளிலோ 1923 ஏப்ரல் முதல் நாளுக்குப் பிறகுதான். சட்டம் எட்டாதிருந்த பகுதிகளுக்கு அது 1959இல் விரிவாக்கப்பட்டது. ஆனால் ஒன்று: இவ்வாறு எழுதிய பின் அந்தப் பணத்தைக் கணவனும் தன் விருப்பப்படி எடுத்தாள முடியாது.

அப்படியானால் கூட்டுப் பாலிசி வேண்டாத பொருளா? அல்ல. இரண்டு பிரீமியம் கட்ட இயலாத வீட்டில், இருவரில் ஒருவருக்குக் காப்பே இல்லாதிருப்பதைவிட அது மேல். கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கிய வீட்டுக் கடனுக்கும் அது பொருந்தும். எவர் மறைந்தாலும் கடன் அடைபட்டால் தேவை தீர்ந்துவிடுகிறது. முதுமைக்கால ஆண்டுத்தொகைத் திட்டங்களிலோ கூட்டு முறையே சிறந்தது எனலாம். அங்கே நாம் வேண்டுவது, இருவரில் ஒருவர் உள்ளவரையிலும் மாத வருவாய் நிற்காமல் வருவதே அன்றோ?

எந்த முறையானாலும் நாமினியின் பெயரை எழுதாமல் விடாதீர்கள். 2015ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால், அவர்களே பணத்துக்கு உரியவர்கள். திருமணத்துக்கு முன் தகப்பனார் பெயரை எழுதியவர்கள், அது இன்றும் பொருந்துமா என்று பாலிசியை எடுத்துப் பார்ப்பது நல்லது. உடம்பில் உள்ள நோயை விண்ணப்பத்தில் மறைக்கவும் வேண்டாம்.

எம் இல்லத்தில் முடிவாக, நமக்குப் பெரிய தொகைக்கும் துணைவியாருக்கு அதில் பாதித் தொகைக்குமாகத் தனித்தனியே இரு பாலிசிகள் எடுத்தோம். பிரீமியம் சற்றுக் கூடுதல்தான். ஆண்டுதோறும் போகும் ஊர்ப் பயணம் ஒன்றைக் குறைத்துக்கொண்டோம். இரு பத்திரங்களும் ஒரே உறையில் இருக்கின்றன. அலுவலகம் எது, யாரிடம் போக வேண்டும் என்பதையெல்லாம் துணைவியார் தம் கையால் தமிழில் எழுதி அதனுடன் வைத்திருக்கிறார். உறை இருக்கும் இடம் மகளுக்கும் தெரியும்.

நேயர்களே, இன்றிரவு உணவுக்குப் பின் உங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: ‘ஒருவர் போன மறுநாள், மற்றவருக்குக் காப்பு எங்கே?’ அதற்கு நீங்கள் இருவரும் சேர்ந்து காணும் விடையே உங்களுக்கேற்ற பாலிசி எது என்பதைச் சொல்லிவிடும்.