மூன்று சக்கர வண்டியும் கட்டுக்கயிறும்



திருவரங்கத்தில் சித்திரைத் தேர் வீதி வலம் வரும் நாளில் மக்களின் கண்கள் எல்லாம் மேலே, தேர்ச்சீலையிலும் கலசத்திலும் பதிந்திருக்கும். வடம் பிடிப்பவர்களையும் நாம் பார்க்கிறோம். சக்கரத்தின் அருகே குனிந்தவாறே உடன் செல்லும் சிலரை மட்டும் எவரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவர்கள் கையில் இருப்பது முட்டுக்கட்டை. அத்தனை பெரிய தேரைத் திசை திருப்புவதும் நிறுத்துவதும் அந்த மரத்துண்டுதான். நல்ல காரியத்தைக் கெடுப்பவனை 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று ஏசுவது நம் வழக்கம். தேரடியில் நிற்பவர்களைக் கேட்டால் அவர்கள் வேறு பொருள் சொல்லுவார்கள்.

தேரைப் பற்றி நான் இன்று பேச வரவில்லை. நம் தெருக்களில் ஓடும் ஆட்டோ ரிக்ஷாவை மற்றொரு வண்டியின்மேல் ஏற்றிக் கட்டி, ஓரிடத்திலிருந்து ஓரிடத்திற்குப் பழுதின்றிக் கொண்டு சேர்ப்பது எப்படி என்பதே பொருள். இது ஒரு பேச்சுக்குரிய பொருளா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், 2019-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து ஒரு நாள் வரையில்.

ஆட்டோவின் பிறப்பைச் சற்றுச் சொல்லிவிடுகிறேன். விமானப் பொறியியலில் தேர்ந்த கொராதினோ தஸ்கானியோ என்பவர் இத்தாலியில் 1946-இல் வெஸ்பா என்னும் ஸ்கூட்டரை வடிவமைத்தார். அதன் முன்பாதியை வைத்துக்கொண்டு, பின்னே இரு சக்கரமுள்ள ஒரு பெட்டியைச் சேர்த்து 1948-இல் செய்யப்பட்ட வண்டி ஆப்பே. அச்சொல்லுக்குத் தேனீ என்று பொருள். நம் நாட்டில் பஜாஜ் நிறுவனம் இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளைச் செய்ய 1959-இல் அரசின் உரிமம் பெற்றது. ஆக, ஆட்டோ என்பது குட்டிக் கார் அன்று. மூன்று கால் பெற்ற மோட்டார் சைக்கிளே. கைப்பிடி அதற்குச் சான்று. அதைக் கார் என்று எண்ணிக் கட்டினால் வரும் கேட்டைத்தான் நான் கண்ணாரக் கண்டேன்.

என் பழைய மாணவர் ஒருவர் திருவரங்கத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். அந்த மழைக்காலத்தில் அவருடைய வண்டியில் எஞ்சின் நின்றுபோயிற்று. பிரேக் எண்ணெயும் முழுதும் ஒழுகிவிட்டது. நின்றுபோன ஆட்டோவைப் பின்னால் வரும் ஆட்டோக்காரர் தம் காலால் உந்தித் தள்ளிச் செல்லும் காட்சியை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். பிரேக் இல்லாத வண்டியை அவ்வாறு காவிரிப் பாலத்தின்மேல் கொண்டு செல்வது தகாது. ஆகவே சிறிய சரக்கு வண்டி ஒன்றையும், அதன் பின்னால் பூட்டிய டிரெய்லரையும் அமர்த்தினார். அரியமங்கலத்தில் ஒரு பட்டறைக்குப் போகவேண்டும். எனக்கும் அப்பக்கம் ஒரு வேலை இருந்தது. உடன் சென்றேன்.

ஏற்றும்போதே வண்டி எங்களுக்குப் பாடம் சொல்லத் தொடங்கிவிட்டது, நாங்கள்தாம் கேட்கவில்லை. டிரெய்லரில் இருந்தவை இரண்டு சாய்வுப் பலகைகள். காருக்கு இரண்டு போதும். ஆட்டோவின் முன்சக்கரம் அவ்விரண்டுக்கும் நடுவில் அல்லவா வருகிறது? மூன்றாம் பலகை வேண்டும். அது இல்லாமையால் நான்கு பேர் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து ஒருவாறு ஏற்றினோம். பின்சக்கரங்களுக்குச் செங்கல் வைத்தோம். கூரையின்மேல் ஒரு நைலான் கயிற்றைக் குறுக்கே போட்டு, இருபுறத்துக் கொக்கிகளிலும் மாட்டி இறுக்கினோம். கயிற்றின் ஒரு முனையை இழுத்து முடிச்சுப் போட்டவன் நானே.

காவிரிப் பாலம் 1976-இல் திறக்கப்பட்டது. அந்த நாளில் அதன் இணைப்புகள் தேய்ந்திருந்தன. பின்னர் 2022 செப்டம்பரில் பாலத்தை மூடி, அவ்விணைப்புகளைப் புதுப்பித்து, 2023-இல் மீண்டும் திறந்தார்கள். நாங்கள் சென்றபோதோ, ஒவ்வோர் இணைப்பிலும் 'தடக், தடக்' என்ற அதிர்ச்சி. பாலம் கடந்து, சிந்தாமணி அண்ணா சிலை அருகே வளையும்போது குறுக்கே ஒரு வண்டி வந்தது. எங்கள் ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார். பின்னால் பெருஞ்சத்தம். ஆட்டோ ஒருபுறமாகச் சாய்ந்து டிரெய்லரின் பக்கப்பலகையில் விழுந்து கிடந்தது. முன்கண்ணாடி தூளாகச் சிதறியிருந்தது. அத்தூளின் நடுவே, மிதிவண்டியில் வந்த பள்ளிச் சிறுவன் ஒருவன் ஒரு காலை ஊன்றி அப்படியே நின்றுகொண்டிருந்தான். ஒரு முழம் முன்னே வந்திருந்தால்! அவன் முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

காந்தி சந்தைக்குச் சென்றுகொண்டிருந்த காய்கறி லாரியிலிருந்து சுமைதூக்கும் பெரியவர் ஒருவர் இறங்கி வந்தார். கிடந்த கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்து, "யாரு தம்பி கட்டினது?" என்று என் மாணவரைக் கேட்டார். அவர் தலை குனிந்துகொண்டார். "நான்தான் ஐயா" என்றேன். நெம்புகோலையும் உராய்வையும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பில் நடத்தியவன் நான் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

என்ன பிழை நேர்ந்தது? காரணங்களைப் பார்ப்போம்.

மூன்று கல் அடுப்பு மேடுபள்ளமான தரையிலும் ஆடாது நிற்கும்; முக்காலியும் அப்படியே. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். ஆனால் முக்காலியின் விளிம்பில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அதன் மறுபக்கமும் தெரியும். ஆட்டோ நிற்கும் தளம் ஒரு முக்கோணம். அதன் எடைமையம் பின் அச்சிலிருந்து, சக்கர இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு முன்னே இருப்பதாகக் கொள்ளுங்கள். அவ்விடத்தில் முக்கோணத்தின் அகலம் பின்சக்கரங்களின் இடையகலத்தில் மூன்றில் இரண்டு பங்கே. நான்கு சக்கர வண்டிக்கு உள்ள நிலைப்பில் அந்த அளவு குறைகிறது. பிரேக் பிடித்தலும் திரும்புதலும் ஒருசேர நிகழ்ந்தால், தள்ளுவிசை முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடைப்பட்ட அந்த ஆளில்லாத மூலையை நோக்கிப் பாய்கிறது. எங்கள் வண்டி விழுந்த திசையும் அதுவே.

அடுத்தது உராய்வு. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 10 மீட்டர். 2 நொடியில் நின்றால், வண்டியின் எடையில் பாதியளவு விசை அதை முன்னே தள்ளும். ஆட்டோவின் எடை ஏறத்தாழ 350 கிலோ. பாதி 175 கிலோ. சக்கரம் உருளாதபடி தடுத்துவிட்டாலும், உலர்ந்த தளத்தில் ரப்பர் ஓரளவு பற்றி நிற்கும்; நனைந்த இரும்புத்தகட்டின்மேல் காவிரி மணலும் கிடந்தால் அப்பிடிப்பில் பாதிகூட நில்லாது. உராய்வெண் கால் பங்கு என்று வைத்துக் கணக்கிடுங்கள். கயிற்றின் அழுத்தத்தால் மட்டுமே வண்டியை நிறுத்த வேண்டுமானால், 350 கிலோ எடையுள்ள இன்னொரு ஆட்டோவை அதன் தலைமேல் ஏற்றிவைத்ததுபோல் கயிறு அழுத்தவேண்டும். மெல்லிய கூரைக் குழாய் அதைத் தாங்குமா? அமெரிக்க நாட்டுச் சாலை விதி இதைவிடக் கடுமையானது. முன்னோக்கிச் சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கும், பின்னோக்கியும் பக்கவாட்டிலும் பாதிப் பங்கும் தாங்குமாறு கட்டவேண்டும் என்கிறது அது.

மூன்றாவது, சுருள்வில். இதுதான் என்னை ஏமாற்றியது. கூரையின்மேல் போட்ட கயிறு வண்டியின் உடலைக் கட்டுகிறது, சக்கரத்தைக் கட்டுவதில்லை. இரண்டிற்கும் நடுவே வில் இருக்கிறது. இணைப்பில் ஏறி விழும்போது வில் அமுங்கும், உடல் கீழிறங்கும், அக்கணத்தில் கயிறு தளரும், கொக்கி நழுவும். நான் எத்தனை பலமாக இழுத்துக் கட்டியிருந்தாலும் இது நேர்ந்திருக்கும். செங்கல்லோ முதல் அதிர்ச்சியிலேயே பொடியாகிவிட்டது.

வண்டியை நிமிர்த்தியபின், பெரியவர் தம் லாரியிலிருந்து மரக்கட்டைகளும் கயிறுகளும் கொண்டுவந்து தாமே கட்டினார். டிரெய்லர் தளத்தைச் சாக்கால் துடைத்தார். இரும்பின்மேல் இரும்போ ரப்பரோ வழுக்கும் இடத்தில் மரப்பலகையோ ரப்பர் விரிப்போ போடுவது தொழில் வழக்கம். திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய கொதிகலன் பாகங்களை ஏற்றிச் செல்லும் நீண்ட வண்டிகளில், இரும்புக்கடியில் மரக்கட்டைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டோவின் எஞ்சின் பின்னால் இருப்பதால் கனமும் பின்னால்தான். டிரெய்லரின் அச்சுக்குப் பின்னே கனம் மிகுந்தால் ஓட்டத்தில் அது வாலாட்டும். ஆகவே வண்டியை முன்னே நகர்த்தி, மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கேனும் இழுக்கும் வண்டியின் கொக்கியில் இறங்குமாறு வைக்கவேண்டும். அவர் பங்கு கணக்கிடவில்லை. டிரெய்லரின் மூக்கைக் கையால் தூக்கிப் பார்த்து, "இன்னும் ஒரு சாண் முன்னே தள்ளுங்க" என்றார்.

பிறகு முட்டுக்கட்டைகள். முன்சக்கரத்திற்கு முன்னும் பின்னும், பின்சக்கரங்களுக்கும் அவ்வாறே, ஆறு ஆப்புகள். அவை நகராதபடி அவற்றின் பின்னே சட்டங்கள். கைப்பிடியை நேராக நிறுத்திக் கட்டினார். முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின் அடிப்பகுதியிலிருந்து இருபுறமும் முன்னோக்கிச் சாய்வாக இரு கயிறுகள். பின்சக்கரங்களைத் தாங்கும் கைகளிலிருந்து பின்னோக்கிச் சாய்வாக இரு கயிறுகள். பிரேக் குழாயில் கயிறு படாமல் பார்த்துக்கொண்டார். கூரான விளிம்புகளில் சாக்குத் துண்டை மடித்து வைத்தார். சக்கரம் தளத்தோடு ஒன்றிவிட்டதால் வில் இனி எத்தனை ஆடினாலும் இக்கயிறுகள் தளர வழியில்லை. அதன்பின்னரே உடல் சாயாதிருக்க அடிச்சட்டத்திலிருந்து இருபுறமும் ஒவ்வொரு கயிறு, வில் சற்றே அமுங்கும் அளவுக்கு மட்டும். கிழிந்த ரெக்சின் கூரையைச் சுருட்டிக் கட்டினார். காற்று புகுந்தால் அது பாய்மரம்போல் ஆகிவிடும்.

அவர் இட்ட முடிச்சைக் கல்லூரி மாணவர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். கயிற்றின் நடுவே ஒரு கண்ணி. முனை கீழே கொக்கியைச் சுற்றி மேலே வந்து அக்கண்ணியில் நுழைந்து மீண்டும் கீழே இறங்கும். கப்பியின் வேலையைக் கண்ணி செய்கிறது. கணக்கின்படி, இழுக்கும் விசை மும்மடங்காகும். கயிற்றின் உராய்வு அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். எனினும் வெறுங்கையால் இழுப்பதைவிட இறுக்கம் மிகுதி. இப்போது பற்சக்கரப் பிடி வைத்த நாடாக்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவை இன்னும் நல்லவை. தேங்காய்நார், மணிலாக் கயிறுகளைவிட நைலான் வலிமை மிக்கது. ஆனால் இழுபடும்போது நீளும்.

நான் அவருக்குப் பணம் கொடுக்க முயன்றேன். வாங்கவில்லை. லாரி முன்னே செல்ல, நாங்கள் பின்தொடர்ந்தோம். காந்தி சந்தைக்குச் சற்று முன்பாக லாரி ஓரம் கட்டி நின்றது. பெரியவர் இறங்கி வந்து ஒவ்வொரு கயிற்றையும் விரலால் தட்டிப் பார்த்தார். பின்பக்கத்துக் கயிறு ஒன்று இரண்டு விரற்கடை தளர்ந்திருந்தது. "புதுக் கயிறு. கொஞ்ச தூரம் போனா இப்படித்தான் இளகும்" என்று சொல்லி, அவிழ்த்து மறுபடி இறுக்கிவிட்டுத் தம் லாரிக்குத் திரும்பினார். பாலத்தின் இக்கரையிலேயே, மாம்பழச்சாலையில் ஒருமுறை இறங்கிப் பார்த்திருக்கலாமே என்று என் மாணவர் மெல்லச் சொன்னார். நான் பதில் பேசாமல் போய் முன்னிருக்கையில் அமர்ந்துகொண்டேன்.