எரிந்து ஓய்ந்த குழல் விளக்கு



தீபாவளி நெருங்கினால் ஒட்டடை அடிக்கிறோம். மங்கிய விளக்குகளைக் கழற்றிப் புதியன மாட்டுகிறோம். கழற்றிய விளக்கு எங்கே போகிறது? அதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச விழைகிறேன்.

டியூப் லைட்டுக்குள்ளும், சுருண்ட சிக்கன பல்புக்குள்ளும் பாதரசம் உண்டு. சில மில்லிகிராம்தான். மின்சாரம் பாயும்போது அதன் ஆவி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வெளியிடுகிறது. கண்ணாடியின் உட்புறம் பூசிய வெண்தூள் அதனை வெளிச்சமாக்குகிறது. விளக்கு எரியாமல் போனாலும் பாதரசம் உள்ளேயே இருக்கும். சித்தர்கள் அதைக் கட்டி மணியாக்கினார்கள் என்பார்கள். நமக்கு அந்த வித்தை தெரியாது!

பாதரசம் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். கருவிலுள்ள குழந்தைக்கு மிகவும் கெடுதல். ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவின் பாதரசம் மீன்வழி மக்களைச் சேர்ந்து விளைத்த நோய் 1956இல் வெளிப்பட்டது. கொடைக்கானலில், பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கிடங்கில் கிடந்தது தெரியவந்ததும், 2001இல் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை மூடப்பட்டது. ஒரு குழல் விளக்கை இவற்றோடு ஒப்பிட முடியாது. பயமுறுத்துவதும் என் நோக்கமன்று.

ஆனால் அடுக்குமாடி வீட்டில் பன்னிரண்டாம் மாடியிலிருந்து குப்பைக் குழாயில் போட்ட விளக்கு, கீழே சேரும்போது நொறுங்கித்தான் இருக்கும். அந்த ஆவியைச் சுவாசிப்பவர் யார்? கீழே குப்பையை அள்ளும் துப்புரவாளர். அவர்களுள் நம் ஊர்த் தம்பிகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் நம் தோளை உரசிக்கொண்டு நடக்கிறார்களே, அவர்கள்தாம். மறுபயனீட்டுக்கான நீலத் தொட்டியிலும் விளக்கைப் போடலாகாது. அங்கும் தரம் பிரிப்பது மனிதக் கைகளே.

வேறு வழி இருக்கிறது. 2019இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ், 2021 ஜூலை 1 முதல் மின்கழிவைச் சேகரிக்கும் பொறுப்பு, பொருளை விற்பனைக்குக் கொண்டுவருவோர்மேல் சுமத்தப்பட்டுள்ளது. விளக்குகளும் அதில் அடக்கம். 300 சதுர மீட்டருக்குக் குறையாத பெரிய மின்பொருள் கடைகள் பழைய விளக்குகளைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பொது இடங்களிலும் சேகரிப்புப் பெட்டிகள் உண்டு. பெட்டிக்குப் பெட்டி ஏற்கும் பொருள் வேறுபடும், மேலே எழுதியிருப்பதைப் படித்துப் போடுங்கள். சேர்ந்த விளக்குகளை மூடிய இயந்திரத்தில் நொறுக்கி, கண்ணாடி, அலுமினியம், வெண்தூள், பாதரசம் எனத் தனித்தனியாகப் பிரிப்பார்கள்.

வீட்டில் உடைந்துவிட்டால்? பிள்ளைகளை வெளியேற்றிச் சன்னல்களைத் திறந்துவிட்டு, பத்து நிமிடம் அறைப்பக்கம் போகாதீர்கள். துடைப்பமும் தூசி உறிஞ்சும் இயந்திரமும் கூடவே கூடாது, தூளைப் பரப்பிவிடும். கையுறை அணிந்து தடித்த அட்டையால் சில்லுகளை அள்ளி, ஒட்டும் நாடாவால் மிச்சத் தூளை ஒற்றியெடுத்து, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் இட்டு இறுக மூடுங்கள்.

எல்இடி விளக்கில் பாதரசம் இல்லை. குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்துவதென்று, மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் ஜெனீவாவில் முடிவு செய்தன. ஆகவே, இனி வரும் சில ஆண்டுகளில்தான் பழையவை குவியலாகக் கழியும்.

புதிய குழலின் அட்டை உறையை எறிந்துவிடாதீர்கள். பழையதை அதிலேயே செருகி எடுத்துச் செல்லலாம். தனியே வாழும் முதியோர் பக்கத்து வீட்டில் இருந்தால், அவர்களுடையதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாலடிக் குழலைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏற அவர்களால் இயலாது.