விஞ்ஞானம் படிக்க எந்த வாசல்?



"இன்ஜினியர் ஒருத்தர் விஞ்ஞானப் படிப்பைப் பத்தி ஏன் பேசறார்?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது. எங்கள் ஊர் வைத்திக்குப்பம். என் அக்கா மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இன்ஜினியரிங் வேண்டாம், பிசிக்ஸ்தான் படிப்பேன் என்கிறாள். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். அவர் என்னிடம், "மச்சான், எங்க படிக்கணும்? எத்தனை வருஷம்? யாரு செலவு? கிடைக்கலன்னா என்ன பண்றது?" என்று கேட்டார். நாலே கேள்விதான். ஆண்டுதோறும் வரும் தரவரிசைப் பட்டியலைப் பார்த்தால் இவற்றுக்குப் பதில் கிடைப்பதில்லை. நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு தம்பியோ, தங்கையோ, பிள்ளையோ இருப்பார்கள் அல்லவா?

முதலில், எங்கே? பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், அதாவது ஐ.ஐ.எஸ்சி., 1909-இல் தோன்றியது. ஆனால் பிளஸ் டூ முடித்தவர்களைச் சேர்க்கும் நான்காண்டு அறிவியல் பட்டப்படிப்பு அங்கே 2011-இல்தான் வந்தது. முதல் மூன்று செமஸ்டர் எல்லோருக்கும் பொதுப் பாடம். பிறகு முதன்மைப் பாடம். கடைசி ஆண்டில் ஆராய்ச்சி. இடங்கள் குறைவு, போட்டி அதிகம்.

அடுத்தது ஐசர் நிறுவனங்கள். 2006-இல் புனேயிலும் கொல்கத்தாவிலும் தொடங்கி இன்று ஏழு இருக்கின்றன. நமக்குப் பக்கம் திருப்பதி, அடுத்து திருவனந்தபுரம். ஐந்தாண்டுப் படிப்பு; வெளியே வரும்போது பி.எஸ்., எம்.எஸ். இரண்டும் கையில் இருக்கும். இதற்கு ஐ.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வு. இந்தத் தேர்வின் மதிப்பெண்ணை ஐ.ஐ.எஸ்சி.யும் ஏற்கிறது. ஆக, ஒரே தேர்வுக்கு இரண்டு வாசல்.

மூன்றாவது, புவனேஸ்வரத்தில் அணுசக்தித் துறை 2007-இல் நிறுவிய நைசர். நெஸ்ட் தேர்வு எழுதிச் சேர வேண்டும். இதுவும் ஐந்தாண்டு.

கணக்குதான் உயிர் என்பவர்களுக்குச் சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம் இருக்கிறது. மஹலநோபிஸ் 1931-இல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் கழகமும் இருக்கிறது. புள்ளியியல் பட்டத்துக்குக் கொல்கத்தா, கணிதப் பட்டத்துக்குப் பெங்களூர். இரண்டு கழகங்களும் தத்தம் தேர்வைத் தனியாக நடத்துகின்றன.

கடைசியாகச் சொன்னாலும் கடைசி இடம் இல்லை, நம் காலாப்பட்டு. 1985-இல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம். 2022 முதல் கியூட் தேர்வு மூலம் சேர்க்கை. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம்.

இவற்றை எப்படி ஒப்பிடுவது? பிள்ளையின் குணத்தை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். கருவியைத் தொட்டுப் பார்த்தால்தான் திருப்தி என்கிற பிள்ளைக்குக் கணிதக் கழகம் ஒத்துவராது. இயற்பியலா உயிரியலா என்று முடிவு செய்யாத பிள்ளைக்கு ஐசர் ஒரு வரம். தொடக்கத்தில் நான்கு அறிவியலும் பொது. என் அக்கா மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், உயிரியல் கிடையாது. ஐ.ஏ.டி.யில் 60 கேள்விகள். அதில் 15 உயிரியல். உள்ளே போனாலும் அந்தப் பாடம் விடாது. "படிக்கத் தயாரா?" என்று கேட்டேன். "படிச்சிக்கறேன் மாமா" என்றாள். நம் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டதால் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. அந்த இரண்டு வருட உயிரியல் புத்தகங்களை அவள் இப்போதே எடுத்து வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது, வருஷமும் செலவும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது நீண்ட படிப்பு. ஐந்து ஆண்டு முடித்து, மேலே ஆராய்ச்சிக்கும் ஐந்தாறு ஆண்டு ஆகும். இருபத்திரண்டு வயதில் சம்பளம் வந்தாக வேண்டும் என்ற நிலையில் உள்ள வீடு இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். ஆனால் ஆராய்ச்சிக் காலம் சம்பாத்தியம் இல்லாத காலம் அல்ல. தேசியத் தகுதித் தேர்வில் வென்று ஜே.ஆர்.எஃப். பெறுபவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. இதை என் மாமாவிடம் சொன்னபோது, "அப்ப அஞ்சு வருஷத்தைத் தாண்டணும், அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான்.

இதில் நம் கடலோரக் குடும்பங்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வீட்டில் வருமானம் நின்றுவிடும். தேர்வுக்குப் போகும் பயணச் செலவு, அடுத்து சேர்க்கைக் கட்டணம் எல்லாம் அந்த மாதங்களில்தான் வாசலில் வந்து நிற்கும். ஆகவே தை, மாசியிலேயே பணத்தை ஒதுக்குங்கள்.

இன்னொன்று சாதிச் சான்றிதழ். மத்திய நிறுவனத்தில் நம் மாநிலச் சான்றிதழ் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதுதான் வேண்டும் என்று கேட்கும் இடங்களும் உண்டு. மார்க் இருந்தும் ஒரு தாளுக்காக சீட்டை விடக்கூடாது. தாலுகா ஆபீஸுக்கு முன்கூட்டியே போங்கள்.

மூன்றாவது, ஒரே தேர்வை நம்பாதீர்கள். லெ ழாந்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர் சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க 1760-இல் புறப்பட்டார். 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட, கப்பலில் இருந்தபடி பார்த்தார். ஆடும் கப்பலில் அளவெடுக்க முடியவில்லை. எட்டு ஆண்டு காத்திருந்து, இதே புதுச்சேரியில் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் மூடிக்கொண்டது! ஆனாலும் இங்கிருந்த காலத்தில் தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்று எழுதி வைத்தார். அது அறிஞர்களுக்கு இன்றும் பயன்படுகிறது. தேர்வு நாளிலும் மேகம் வரலாம். மூன்று, நான்கு தேர்வாவது எழுதுங்கள்.

நான்காவது, கிடைக்கவில்லை என்றால்? உள்ளூரில் பி.எஸ்சி. படித்துவிட்டு ஜாம் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம். இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தரும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்குச் சாதாரணக் கல்லூரி மாணவரும் விண்ணப்பிக்கலாம். இங்கே அமர்ந்திருக்கும் பொறியியல் மாணவர்களே, உங்களுக்கும் கதவு மூடவில்லை. கேட் தேர்வு எழுதி ஐ.ஐ.எஸ்சி.யில் ஆராய்ச்சிக்குப் போகலாம்.

மாசிமகத்தன்று மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் வேறு வேறு பாதையில் வந்தாலும் தீர்த்தவாரி எங்கள் வைத்திக்குப்பம் கடலில்தான். படிப்பும் அப்படித்தான்.

முடிவாக, நம் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் ஜனவரியில் ஒரு ஞாயிறு, குப்பத்துப் பிள்ளைகளை இங்கே அழைத்து விண்ணப்பம் நிரப்பக் கற்றுத் தருவோம். முடியாத வீடுகளுக்குத் தேர்வுக் கட்டணத்தை நாமே கட்டுவோம். இந்த ஆண்டு ஐந்து பிள்ளைகளின் கட்டணத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். மீதியை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.