எலும்பைப் படித்த நம்மவர்

(கொல்கத்தா உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முதுகெலும்பையும் எலும்பின் ஆரோக்கியத்தையும் ஆராயும் பயோமெடிக்கல் என்ஜினீயரின் பணி பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். ப்ளஸ் டூ முடித்த குழந்தையை நாம் "டாக்டரா, என்ஜினீயரா?" என்றுதான் கேட்கிறோம். இரண்டும் சேர்ந்த வேலை ஒன்று உண்டு. அதை விளக்க ஒருவர் வாழ்க்கையைச் சொன்னாலே போதும். அவர் ஜி.என். ராமச்சந்திரன்.

பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் கோபாலசமுத்திரம். 1922ல் எர்ணாகுளத்தில், கணிதப் பேராசிரியர் நாராயண ஐயரின் புத்திரராகப் பிறந்தார். 1942ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் எலெக்ட்ரிகல் என்ஜினீயரிங் படிக்கச் சேர்ந்தவரைப் பௌதிகத்துக்கு இழுத்துக்கொண்டவர் சர் சி.வி. ராமன். ராமனைப் பற்றி இந்த ஊரில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1907ல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்து, ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்தைப் பௌபஜார் ஆராய்ச்சிக்கூடத்தில் கழித்தவர். பின்பு பேராசிரியராகி, 1928 பிப்ரவரி 28ல் அங்கேதான் 'ராமன் விளைவை'க் கண்டார்.

1952ல் ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவரானார். அங்கு வந்த பெர்னால் என்ற விஞ்ஞானி, கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் சரியாக விளங்கவில்லை என்றார். ராமச்சந்திரன் அதைக் கையில் எடுத்தார். அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாரை வாங்கி, எக்ஸ்ரே படம் பிடித்தார். 1954ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து விடையை வெளியிட்டார்: மூன்று இழை கொண்ட அமைப்பு. மூன்று இழை என்றதும் நமக்கு எது ஞாபகம் வரும் என்று நான் சொல்ல வேண்டாம்! அந்த இழைகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருப்பதை 1955ல் விளக்கினார்.

இதற்கும் முதுகெலும்புக்கும் என்ன சம்பந்தம்? எலும்பு வெறும் சுண்ணாம்பு அல்ல. கான்கிரீட்டுக்குள் கம்பி இருப்பதுபோல், கால்சியம் தாதுவுக்குள் கொலாஜன் இழை ஓடுகிறது. தாது கடினத்தைத் தருகிறது. இழை, எளிதில் உடையாத உறுதியைத் தருகிறது.

அதோடு நிற்கவில்லை. பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உள்ளுருவத்தைக் கணக்கிட்டு எடுக்கும் சுலபமான வழியை 1971ல் ஏ.வி. லக்ஷ்மிநாராயணனுடன் சேர்ந்து அவர் வெளியிட்டார். இருவர் பெயரையும் சேர்த்து 'ராம்-லக் ஃபில்டர்' என்கிறார்கள். முதுகுக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது அதன் பின்னால் இந்த வகைக் கணக்கும் இருக்கிறது. என்ஜினீயரிங் படிக்க வந்தவரின் மூளை மருத்துவத்துக்கு இப்படித்தான் பயன்பட்டது. 2001ல் அவர் காலமானார்.

இன்றைய ஆராய்ச்சியாளருக்கும் வேலை நிறைய இருக்கிறது. எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் தாதுவைத்தான் அளக்கிறது. கொலாஜனின் தரத்தைச் சொல்வதில்லை. அதனால்தான் அளவு மோசமில்லை என்று வந்தவர்களுக்கும் சில சமயம் எலும்பு முறிகிறது. தாது, கொலாஜன் இரண்டையும் ஒருசேரப் பார்க்க, கல்கத்தாவில் கண்ட ராமன் விளைவையே ஆய்வுக்கூடங்களில் இப்போது பயன்படுத்துகிறார்கள். எலும்போடு ஒட்டி வளரும் பீங்கான் வகைப் பொருள்களை நம் ஜாதவ்பூரிலேயே மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் ஆராய்கிறது. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் தொழில்நுட்பம் பயில்கிறார்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டிக்குக் கூன் விழுந்தால் "வயசாச்சு" என்று விட்டுவிடுகிறோம். பல சமயம் அது முதுகெலும்புக் கட்டைகள் சத்தமில்லாமல் நொறுங்கியதன் அடையாளம். வலி அதிகம் இல்லாததால் பலருக்குத் தெரிவதே இல்லை. இளமையில் இருந்த உயரம் 4 செ.மீ. குறைந்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஃப்ளாட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் தினம் கொஞ்சம் வெயிலில் நடங்கள். கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். பாலும் தயிரும் நம் வீட்டில் எப்போதும் உண்டு. நெல்லிக்காயையும் மறக்க வேண்டாம். கொலாஜன் சரிவர உருவாக வைட்டமின் சி அவசியம்.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் பெண்ணோ பிள்ளையோ பயோமெடிக்கல் படிக்க ஆசைப்பட்டால், "கேம்பஸில் எவ்வளவு கிடைக்கும்?" என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். ஆராய்ச்சியில் சம்பாத்தியம் நிதானமாகத்தான் வரும், பி.எச்.டி. முடிக்கவே வருஷங்கள் ஆகும். அதைத் தெரிந்துகொண்டே அனுப்புங்கள். நாளை நம் முதுகு நிமிர்ந்து நிற்பது அந்தக் குழந்தைகள் கையில் இருக்கிறது.