பாதுகாப்பும் ஓர் அமானிதமே
(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பொன்விழா மேடையில் சாதனைகளைப் பேசுவது வழக்கம். அதை நமக்கு முன் பேசியவர்கள் நிறைவாகச் செய்துவிட்டார்கள். நமக்குக் கிடைத்த தலைப்பு சற்றுக் கனமானது. நாட்டைக் காக்கும் துறைகளுக்குள்ளே தனிமனிதனின் உரிமையைக் காப்பது எப்படி என்பதே அது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். காவல் துறையைப் பழித்துப் பேச நாம் இங்கே கூடவில்லை. நம் பிள்ளைகளிலும் சீருடை அணிந்தவர்கள் இருக்கிறார்கள். 2016 ஜூன் 28 அன்று, அதுவும் ரமலான் மாதத்தில், பூச்சோங்கில் ஒரு கேளிக்கை விடுதியில் கையெறி குண்டு வீசப்பட்டு 8 பேர் காயமடைந்தார்கள். அத்தகையவர்களைத் தேடிப் பிடிக்கத் திறமையான போலீஸ் வேண்டும். அதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை. பிடித்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் நம் கேள்வி. பிடிபட்டவன் குற்றவாளியா, நிரபராதியா என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது.

நம் கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. கைதானவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும். தாம் விரும்பும் வழக்கறிஞரிடம் ஆலோசனை பெற அவரை விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இந்த மூன்றின் உட்பொருள் ஒன்றுதான்: அடைக்கப்பட்ட மனிதனை நிலையத்துக்கு வெளியே உள்ள ஒருவர் சீக்கிரம் பார்த்துவிட வேண்டும்.

ஆனால் அதே அரசியலமைப்பின் 149-ஆவது பிரிவு, நாட்டுக்கு எதிரான சதி என்று வரும்போது தனிச் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு வழி விடுகிறது. அப்படி வந்ததுதான் 1960-ஆம் ஆண்டின் இசா எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம். 60 நாள் போலீஸ் காவல். அதன்பின் அமைச்சரின் கையொப்பத்தில் இரண்டு ஆண்டு. அதைத் திரும்பத் திரும்ப நீட்டிக்கலாம். வழக்கு விசாரணை கிடையாது. நம் சங்கம் தொடங்கிய காலத்தில் அந்தச் சட்டம் முழு வீச்சில் இருந்தது. 1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிக்கப்பட்டார்கள். 2007 டிசம்பரில் ஹிண்ட்ராப் தலைவர்கள் ஐவர் கமுந்திங்கில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான மனோகரன், தடுப்புக் காவலில் இருந்தபடியே 2008 மார்ச் தேர்தலில் நம் கிள்ளானின் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். மக்கள் தேர்ந்தெடுத்தவர் மன்றத்துக்கு வர முடியவில்லை. இன்னொருவரான கணபதிராவ், 2022-இல் கிள்ளானின் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

இசா 2012-இல் நீங்கியது. அதன் இடத்தில் சொஸ்மா வந்தது. இது இசாவை விட மேலானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முடிவில் நீதிமன்ற விசாரணை உண்டு. ஆனால் வழிமுறையைப் பாருங்கள். சாதாரணக் குற்றத்தில் போலீஸ் ஒருவரைத் தொடர்ந்து வைத்திருக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். மிகக் கடுமையான குற்றத்திலும் அது 14 நாளுக்கு மேல் போகாது. சொஸ்மாவில் சூப்ரிண்டெண்டன் தகுதியுள்ள போலீஸ் அதிகாரியே 28 நாள் வரை நீட்டிக்கலாம். வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரம் தள்ளிப்போடலாம். குற்றம் சாட்டிய பிறகு பெண்கள், 18 வயதுக்குக் குறைந்தவர்கள், நோயாளிகள் தவிர மற்றவர்களுக்கு ஜாமீன் இல்லை. இது பயங்கரவாதத்துக்கு மட்டுமல்ல, குண்டர் கும்பல் வழக்குகளுக்கும் பொருந்துகிறது. எனவே இது எந்த வீட்டுக் கதவையும் தட்டக்கூடிய சட்டம்.

2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பு என்று சொல்லி 12 பேர் இச்சட்டத்தில் பிடிக்கப்பட்டார்கள். அவர்களில் சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர். நவம்பர் மாதம், ஜாமீனை மறுக்கும் 13-ஆவது பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் கூறியது. 2020 பிப்ரவரி 21 அன்று சட்டத்துறைத் தலைவர் 12 பேர் மீதான குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார். குற்றத்தை நிரூபிக்கும் நியாயமான வாய்ப்பே இல்லை என்பது அவர் சொன்ன காரணம். நிரூபிக்க முடியாத ஒரு வழக்குக்காக மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்திருந்தார்களே, அந்த நாட்களை யார் திருப்பித் தருவது?

தனிச் சட்டம் இல்லாத இடத்திலும் ஆபத்து உண்டு. கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்ட குகன் என்ற இளைஞர் 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா போலீஸ் காவலில் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பத்தார் விடவில்லை. இரண்டாவது பரிசோதனை உடம்பெங்கும் அடிபட்ட காயங்களைக் காட்டியது. 2013-இல் உயர் நீதிமன்றம் 8 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. ஒரு தாயின் பிடிவாதம் இல்லாவிட்டால் உண்மை மகனோடு புதைந்திருக்கும்.

இதற்கு மருந்து என்ன? டான் ஸ்ரீ, துன் என்று மதிக்கப்பட்ட பெரியோர்கள் அமர்ந்த அரச விசாரணை ஆணையம், முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் ஸைடின் தலைமையில், 2005-இலேயே 125 பரிந்துரைகளைத் தந்தது. அதில் முதன்மையானது போலீசார் மீதான புகாரைப் போலீசுக்கு வெளியே உள்ள சுயேச்சை ஆணையம் விசாரிக்க வேண்டும் என்பது. ஐபிசிசி ஆணையம் நடைமுறைக்கு வந்ததோ 2023 ஜூலை 1-இல். அதுவும் லாக்கப்பைப் பார்வையிட முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும். தானே ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும் முடியாது. சொல்லிவிட்டு வரும் விருந்தாளிக்கு எந்த வீடும் சுத்தமாகத்தான் தெரியும்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

ஒன்று, தெரிந்துகொள்வோம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28A பிரிவுப்படி, விசாரிப்பதற்கு முன் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லக் கைதானவருக்கு உரிமை உண்டு. எந்த நிலையம், எந்த அதிகாரி, என்ன காரணம் என்பதைக் குடும்பத்தார் பணிவாகக் கேட்டு, நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். வசதியில்லாதவர்களுக்குத் தேசியச் சட்ட உதவி அறக்கட்டளை இருக்கிறது.

இரண்டு, கேட்போம். ஜாமீனை நீதிபதி முடிவு செய்யட்டும், லாக்கப்பை முன்னறிவிப்பின்றிப் பார்க்கட்டும் என்று நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கட்சி பாராமல் கேட்போம். 2022 மார்ச்சில் சொஸ்மாவின் 28 நாள் பிரிவை நீட்டிக்கும் தீர்மானம் 84-க்கு 86 என்று தோற்றது. ஜூலையில் மீண்டும் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். இரண்டு வாக்கில் நாட்டின் சட்டம் அசைந்ததென்றால், பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள நம் குரலுக்கும் எடை உண்டு.

மூன்று, நம் பிள்ளைகளைப் போலீசிலும் சட்டத்துறையிலும் சேரச் சொல்வோம். சட்டப் புத்தகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நள்ளிரவில் லாக்கப் சாவியை வைத்திருப்பவரின் மனசாட்சியில்தான் அது உயிர் பெறுகிறது. அடைபட்டவர் அவர் கையில் உள்ள அமானிதம். இதை வீட்டிலேயே கற்ற பிள்ளை அந்த நாற்காலியில் அமரட்டும்.

பிடிபட்டவர் யார், எந்த இனம், எந்த மதம் என்று பார்த்து நம் நியாயம் மாறக்கூடாது. மனோகரனும் குகனும் நம் ஜமாஅத்தார் அல்லர். ஆனால் அவர்களுக்கு மறுக்கப்பட்டது நம் பிள்ளைகளுக்கும் உரியது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நம் சங்கம் செய்யும் பணிகளில் இதுவும் ஒன்றாக இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.