கருவிக்கு முன் கலைஞர்

தொடாமலே வாசிக்கப்படும் வாத்தியம் ஒன்று உண்டு. ரஷ்ய விஞ்ஞானி லெவ் தெர்மின் 1920-ஆம் ஆண்டளவில் அமைத்த அந்த மின்னணுக் கருவிக்கு அவர் பெயரே வழங்குகிறது. பெட்டியொன்றில் நிமிர்ந்த கம்பி ஒன்று. பக்கவாட்டில் வளைந்த கம்பி ஒன்று. முன்னதை ஒரு கை நெருங்கினால் சுருதி உயரும். பின்னதை மறு கை நெருங்கினால் ஒலி அடங்கும்.

மக்கள் இதனை விந்தையென வியந்தனர். ஆயினும் வியப்பு வேறு, இசை வேறு அன்றோ? அவ்விந்தையை இசையாக்கிக் காட்டியவர்களுள் தலையாயவர் கிளாரா ராக்மோர் அம்மையார். 1911-இல் வில்னியுஸ் நகரில் பிறந்த அவர் முதலில் பயின்றது வயலின். கை நலிவுற்று வயலினைக் கைவிட நேர்ந்தபின் இக்கருவியை மேற்கொண்டார்.

கருவியின் குறைக்கேற்பத் தம் கலையைக் குறுக்கிக்கொள்ள அவர் இசையவில்லை. மூன்று ஸ்தாயி போதாது, ஐந்து வேண்டும் என்றார். ஒலி விரைந்து எழவும் அடங்கவும் வேண்டும் என்றார். விஞ்ஞானியும் அவ்வாறே திருத்தி அமைத்துத் தந்தார். மெட்டும் தந்தியும் இல்லாத வெறுங்காற்றில், விரல்களை மடக்கியும் நீட்டியும் ஸ்வரஸ்தானங்களைப் பிடிக்கும் முறையை அம்மையார் வகுத்தார். உடல் சற்றே அசையினும் சுருதி கலையும். ஆதலால் சிலைபோல் நின்று வாசித்தார். 1934-இல் நியூயார்க் டவுன் ஹாலில் அவர் நிகழ்த்திய கச்சேரியில் மக்கள் கேட்டது பெட்டியின் திறத்தை அன்று, கையின் திறத்தையே.

நேயர்களே, பொத்தானை அழுத்தியதும் முழு இசையும் தானே ஓடும் காலம் இது. அங்கே கலைஞர் மேடையில் நிற்பானேன்? கை தவறினால் இசையும் தவறும் என்னும் நிலை இருந்தால்தான், தவறாத கைக்குப் பெருமை உண்டு.

வெளிமாநிலங்களில் நாம் நடத்தும் சபைகளில் தம்புரா போட ஆள் கிடைப்பது அரிது. மின்னணுச் சுருதிப் பெட்டி அக்குறையைத் தீர்த்தது, அதனைப் பழிப்பதற்கில்லை. ஆனால் செலவுக்கு அஞ்சி மிருதங்கத்தையும் பெட்டிக்குள் அடைத்துவிட்டால், பாடுபவர் முகக்குறிப்பறிந்து வாசிப்பவர் யார்? பாடகர் ஒரு சங்கதியை நீட்ட விரும்பினால் பெட்டி காத்திருக்குமா? அம்மேடையைப் பார்த்து வளரும் நம் குழந்தைகள் ஒருவர்க்கொருவர் செவி கொடுக்கும் கலையை எங்கே கற்பார்கள்?

ஆகவே, அடுத்த முறை சபைக்குக் கருவி வாங்குமுன், அதில் வாசிக்கப்போகும் வித்வானை அழைத்து, அவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்போம்.